உறை ஊத்தின கை: ஐஸ்-நைன் கதைக்குப் பின்னால இருந்த நிஜ லேப்

ராத்திரி பாலைக் காய்ச்சி, வெதுவெதுன்னு ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் மோரை ஊத்தி மூடி வெச்சுட்டுப் படுத்தா காலையில சட்டி முழுக்க தயிர். நம்ம வீடுகள்ல இதை யாரும் ஒரு அதிசயமா பாக்குறதில்ல. அந்த ஒரு ஸ்பூனுக்குப் பேரு உறை, தண்ணி ஐஸ் ஆகுறதுக்கும் தமிழ்ல உறையுறதுன்னுதான் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. பால்ல நடக்குறது பாக்டீரியா வேலை, ஐஸ்ல நடக்குறது மூலக்கூறுகள் வரிசையா அடுக்கிக்கிற வேலை, அறிவியலா பாத்தா ரெண்டும் வேற வேற. ஆனா கண்ணுக்குத் தெரியுற விஷயம் ஒண்ணுதான்: சட்டிக்கு ஒரு ஸ்பூன் போதும், அண்டாவுக்கும் அதே ஒரு ஸ்பூன் போதும், நேரம் மட்டும் கொஞ்சம் கூட எடுக்கும். இப்ப அந்த சட்டிக்குப் பதிலா கடல்னு வெச்சுக்கோங்க.

1963-ல கர்ட் வானகட்ங்கிற அமெரிக்க எழுத்தாளர் எழுதின 'கேட்ஸ் கிரேடில்' நாவலோட மையம் இதுதான். விஞ்ஞானத்தைக் கிண்டல் பண்ணி உலகத்தோட முடிவைச் சொல்ற கதைகள்ல எனக்கு ரொம்ப நெருக்கமானது இது. ஆனா நான் இங்க நாவல் விமர்சனம் எழுத வரல, அந்தக் கதை எங்கேர்ந்து வந்துச்சு, அதுல எவ்வளவு கற்பனை எவ்வளவு நிஜம்னு சொல்லத்தான் வந்தேன், ஏன்னா இதைப் படிக்கிற பலரும் அந்த விஞ்ஞானியை ஒரு கார்ட்டூன் கேரக்டர்னு நினைச்சு சிரிச்சுட்டுப் போயிடுறாங்க, உண்மையில அந்த ஆள் செய்யுற விசித்திரமான காரியங்கள்ல சிலது நிஜமா ஒரு நோபல் விஞ்ஞானி செஞ்சது.

கதையை சுருக்கமா சொல்லிடுறேன். ஃபெலிக்ஸ் ஹோனிக்கர்னு ஒரு விஞ்ஞானி, அணுகுண்டைக் கண்டுபிடிச்சவர்கள்ல ஒருத்தர், இதெல்லாம் கற்பனைதான். கடற்படையோட சேந்த மரைன் படை ஜெனரல் ஒருத்தர் அவர்கிட்ட வந்து, எங்க ஆளுங்க எத்தனையோ வருஷமா சேத்துலயே புரண்டுக்கிட்டு இருக்காங்க, இந்த சேறு இல்லாம பண்ண ஏதாவது வழி இருக்கான்னு கேக்குறார். ஹோனிக்கர் யோசிக்கிறார். தண்ணியோட மூலக்கூறுகள் வேற மாதிரி அடுக்கிக்கிட்டா, சாதாரண வெயில்லயும் உருகாத ஒரு ஐஸ் வரலாமே? அதுல ஒரு துணுக்கை சேத்துல போட்டா போதும், சுத்தி இருக்கிற தண்ணி எல்லாம் அதைப் பாத்து அதே மாதிரி அடுக்கிக்கும், சேறு கல்லாயிடும். அதுதான் ஐஸ்-நைன், உருகுநிலை 45.8 டிகிரி செல்சியஸ். சேறோட நின்னா பரவால்ல. சேத்துத் தண்ணி ஓடைக்குப் போகும், ஓடை ஆத்துக்கு, ஆறு கடலுக்கு, கடல் மேகத்துக்கு. மழை கீழ விழறப்போ கட்டி கட்டியா விழும். அப்புறம் மழையே கிடையாது.

இதுல எது கட்டுக்கதை, எது உண்மை?

துணுக்கு வேலை செய்யுற விதம் முழுக்க முழுக்க உண்மை. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் பனங்கற்கண்டு போடுறதைப் பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும். பதநீரைப் பாகா காய்ச்சி, பாத்திரத்துல ஊத்தி, உள்ள நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆடாம அசையாம வாரக்கணக்கா விட்டுடுவாங்க. பாகுல சர்க்கரை நிறைய இருக்கு, கட்டியாக ரெடியாத்தான் இருக்கு, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. நூல்ல ஒரு சின்ன கட்டி பிடிச்ச உடனே மத்ததெல்லாம் அதுமேல வந்து வரிசையா உக்காரும். தண்ணியும் அப்படியேதான். சுத்தமான சின்னத் துளியா இருந்தா ஜீரோ டிகிரிக்குக் கீழ போனாலும் உறையாது, ஆரம்பிச்சு வைக்க ஒரு தூசி இல்லன்னா மைனஸ் 40 டிகிரி கிட்ட வரைக்கும் தண்ணியாவே இருக்கும். வானத்துல இருக்கிற நிறைய மேகங்கள் இந்த நிலையிலதான் மெதக்குது, உறையணும், ஆனா உறையல.

அடுக்குற விதம் மாறினா பொருளோட குணமும் மாறும்ங்கிறதும் உண்மைதான். சூளையில செங்கல்லை அடுக்குறதும் அதே செங்கல்லை சுவராக் கட்டுறதும் ஒண்ணா? பென்சில் கரியும் வைரமும் ஒரே கார்பன்தானே. 1900-களோட ஆரம்பத்திலேயே அதிக அழுத்தம் குடுத்து ஐஸோட வேற வேற வடிவங்களைக் கண்டுபிடிச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு ரோமன் எண்ல பேரு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாவல் வந்தப்போ ஒன்பதாம் நம்பர் ஐஸ் கண்டுபிடிக்கப்படல. சில வருஷம் கழிச்சு நிஜமாவே ஒண்ணுக்கு அந்த நம்பர் வந்துச்சு, அது ஆயிரக்கணக்கான மடங்கு காத்தழுத்தமும் மைனஸ் 130 டிகிரிக்குக் கீழ குளிரும் இருந்தாத்தான் நிக்கும், நம்ம கடலுக்கு அதால ஒரு ஆபத்தும் கிடையாது.

சரி, லேபுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்துல ஸ்கெனெக்டடின்னு ஒரு ஊர், அங்கதான் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடம். 1946 ஜூலையில வின்சென்ட் ஷேஃபர்ங்கிறவர் அங்க ஒரு வீட்டு ஃப்ரீஸருக்குள்ள கருப்பு வெல்வெட் துணியை விரிச்சு, உள்ள மூச்சை விட்டு செயற்கை மேகம் பண்ணி, அதை எப்படி ஐஸ் ஆக்குறதுன்னு ஒவ்வொரு பொடியா தூவிப் பாத்துக்கிட்டு இருந்தார். எதுவும் நடக்கல. ஒரு நாள் வெயில் ஜாஸ்தி, ஃப்ரீஸர் போதுமான அளவு குளிரல, சீக்கிரம் குளிரட்டும்னு ஒரு கட்டி ட்ரை ஐஸை, அதாவது உறைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடை, உள்ள போட்டார். அவ்வளவுதான், மூச்சு மேகம் மொத்தமும் மினுமினுன்னு ஐஸ் துகளா மாறிடுச்சு. அந்த நவம்பர் 13-ஆம் தேதி விமானத்துல ஏறி மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு மேகத்துல ட்ரை ஐஸைத் தூவினார், மேகத்துக்குக் கீழ பனி இறங்குச்சு, பூமியை எட்டுறதுக்குள்ள ஆவியாயிடுச்சு. மனுஷன் மேகத்துல கை வெச்சு பனி இறக்கினது அதுதான் முதல் தடவை.

அதே லேப்ல வேலை பாத்த இன்னொருத்தர் ட்ரை ஐஸ் வேணாம், ஐஸோட அடுக்கை அப்படியே ஒத்திருக்கிற வேற ஒரு பொருள் இருந்தா அதுவே உறையா வேலை செய்யுமேன்னு யோசிச்சு, படிக அட்டவணைகளைப் புரட்டி சில்வர் அயோடைடைக் கண்டுபிடிச்சார். இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க செயற்கை மழைக்கு அதிகமா தூவுறது இதைத்தான், நம்ம தமிழ்நாட்டுலயும் 1980-கள்ல வறட்சி வந்தப்போ அரசாங்கம் மேக விதைப்பு முயற்சி பண்ணுச்சு. இதைக் கண்டுபிடிச்சவர் பேரு பெர்னார்ட் வானகட். ஆமா, எழுத்தாளரோட கூடப்பிறந்த அண்ணன்.

தம்பி கர்ட் காலேஜ்ல வேதியியல் பக்கம் படிச்சவர், போருக்குப் போய் ஜெர்மனியில கைதியா சிக்கி, 1945 பிப்ரவரியில டிரெஸ்டன் நகரம் குண்டு போட்டு எரிக்கப்பட்டப்போ ஒரு கசாப்புக் கூடத்தோட நிலவறையில உயிர் தப்பினவர். 1947-ல அண்ணன் இருந்த அதே கம்பெனியில மக்கள் தொடர்புப் பிரிவுல வேலைக்கு சேந்தார். விஞ்ஞானிகள்கிட்ட போய் நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டு, அதை பத்திரிகைக்காரங்களுக்கு சுவாரஸ்யமா எழுதிக் குடுக்கணும், அதுதான் வேலை. விஞ்ஞானம் ஒரு ஊரையே எரிக்கிறதைப் பாத்துட்டு வந்த ஆள், தினமும் விஞ்ஞானத்தைப் புகழ்ந்து எழுதுற நாற்காலியில உக்காந்திருக்கார். இதை யோசிக்காம நாவலைப் படிச்சா அதுல இருக்கிற கோபம் எங்கேர்ந்து வருதுன்னு புரியாது.

அந்த லேபோட நட்சத்திரம் இர்விங் லாங்மூர். 1932-ல வேதியியல் நோபல் வாங்கினவர், வாயு நிரப்பின பல்பை நமக்குக் குடுத்தவர், 'பிளாஸ்மா'ங்கிற பேரை இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர். சந்தேகமே இல்லாம பெரிய மூளை. ஐஸ்-நைன் யோசனையே அவரோடதுதான். 1930-கள்ல பிரிட்டிஷ் எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் அந்த லேபைப் பாக்க வந்தப்போ, பெரிய எழுத்தாளர் வந்திருக்கார், அவரை சந்தோஷப்படுத்தணும்னு லாங்மூர் ஒரு கதை ஐடியாவை யோசிச்சு சொல்லியிருக்கார்: அறை வெப்பத்துலயே உறைஞ்சு நிக்கிற ஒரு ஐஸ். வெல்ஸுக்கு அது பிடிக்கல போல, எழுதல. கர்ட் அங்க வேலை பாத்தப்போ இந்த சங்கதி காதுக்கு வந்துச்சு. வெல்ஸும் போய்ச் சேந்து லாங்மூரும் போய்ச் சேந்த பிறகு, இனிமே இது என்னோடதுன்னு எடுத்துக்கிட்டேன்னு அவரே பின்னாடி பேட்டியில சொல்லியிருக்கார்.

நாவல்ல ஹோனிக்கர் ஒரு நாள் காலையில டிபன் சாப்பிட்டுட்டு, பரிமாறின பொண்டாட்டிக்கு தட்டுக்குப் பக்கத்துல டிப்ஸ் வெச்சுட்டு எழுந்து போவார். ஓட்டல் நினைப்புல. இது லாங்மூர் நிஜமா செஞ்சது. ஆமை தலையை உள்ள இழுக்கும்போது அதோட முதுகெலும்பு வளையுதா சுருங்குதான்னு ஹோனிக்கர் மத்ததெல்லாம் மறந்து உக்காந்திருப்பார், அதுவும் லாங்மூர் வாய்விட்டு யோசிச்சதுதான். இந்த மாதிரி மறதிக்கார மேதை கதைகளை நாம எல்லாம் ரசிச்சு சொல்லுவோம். வானகட் ரசிக்கல. அந்த மனுஷன் தோண்டி எடுத்த உண்மையை யார் கையில குடுக்கிறோம், அவங்க அதை வெச்சு என்ன பண்ணப்போறாங்கன்னு துளி கூட கவலைப்படாதவர்னு அவர் சொன்னார். எனக்கு அந்த நாவல் முழுக்கவே இந்த ஒரு குற்றச்சாட்டோட விரிவாத்தான் படுது. அறிவு மேல கோபம் இல்ல, ஆர்வத்து மேலயும் கோபம் இல்ல. கை மாத்துறப்போ கண்ணை மூடிக்கிறது, அது மேலதான் கோபம்.

அந்தக் கண் மூடல் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 1947 அக்டோபருக்குப் போகணும். முந்தின வருஷம் பனி இறங்கினதுக்கப்புறம் ராணுவம், கடற்படை எல்லாம் சேந்து 'பிராஜக்ட் சிர்ரஸ்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, லாங்மூர் குழுதான் ஆலோசகர்கள். கம்பெனி வக்கீல்களுக்கு அப்பவே பயம், மழையோ பனியோ பேஞ்சு யாருக்காவது நஷ்டம் வந்தா கேஸ் நம்ம தலையில விழுமேன்னு. அதனால விமானத்துல பறக்குறது, தூவுறது எல்லாம் அரசாங்கத்து ஆட்கள், அரசாங்கத்துப் பொறுப்புன்னு ஒப்பந்தத்துலயே தெளிவா எழுதி வாங்கிட்டாங்க. இந்த விவரம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஆபத்து வரலாம்னு தெரிஞ்சவுடனே அவங்க செஞ்ச முதல் வேலை பொறுப்பை இன்னொரு மேசைக்குத் தள்ளினது. சோதனையை நிறுத்தணும்னோ, சின்னதா செஞ்சு பாக்கணும்னோ, வருஷக்கணக்கா வேடிக்கை மட்டும் பாத்துப் புரிஞ்சுக்கணும்னோ இல்ல.

அக்டோபர் 13-ஆம் தேதி, ஃப்ளோரிடாவைத் தாண்டி அட்லாண்டிக் கடலுக்குள்ள போயிட்டிருந்த ஒரு புயல். கரையிலேர்ந்து ஏறக்குறைய 350 மைல் தள்ளி, வடகிழக்கா, யாருக்கும் தொந்தரவு இல்லாம விலகிப் போகுது. ஒரு பி-17 விமானம் அதுக்குள்ள ஏறக்குறைய 80 கிலோ ட்ரை ஐஸைக் கொட்டுச்சு. அப்புறம் புயல் திரும்புச்சு. நேரா மேற்கே வந்து 15-ஆம் தேதி ஜார்ஜியாவுல சவான்னா நகரத்துப் பக்கம் கரை ஏறுச்சு, ஒரு உயிர் போச்சு, லட்சக்கணக்கான டாலருக்கு சேதம். நாங்கதான் திருப்பினோம்னு லாங்மூர் நம்பினார், நம்பினது மட்டுமில்ல, அதை ஒரு வெற்றியாவே பாத்தார், இவ்வளவு கொஞ்சத்தைப் போட்டு இவ்வளவு பெருசை அசைக்க முடிஞ்சுதேன்னு. வானிலைத் துறை ஆட்கள் இல்லன்னாங்க, விதைக்கிறதுக்கு முன்னாடியே அது திரும்ப ஆரம்பிச்சுடுச்சு, 1906-ல ஒரு புயல் கிட்டத்தட்ட இதே பாதையில யாரும் எதுவும் தூவாமலே போயிருக்குன்னு எடுத்துக் காட்டினாங்க. இன்னிக்கு இருக்கிற அறிவை வெச்சுப் பாத்தா வானிலைக்காரங்க சொன்னதுதான் சரி, ஒரு புயலோட சக்திக்கு முன்னால 80 கிலோ ட்ரை ஐஸ் ஒண்ணுமே இல்ல.

ஆனா நம்ம கேள்வி அது இல்லையே. விமானம் கிளம்பினப்போ அந்த விஷயம் யாருக்கும் தெரியாது. புயல் எந்தப் பக்கம் திரும்பும், திரும்புமா திரும்பாதான்னு தெரியாத ஒரு கூட்டம், எந்தக் கரையில யார் இருக்காங்கன்னு யோசிக்காம, ஒரு வார்த்தை அந்தக் கரைக்கு சொல்லாம உள்ள போய்க் கொட்டிட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில வங்கக்கடல்ல ஒரு சுழி உருவானாலே நாகப்பட்டினத்துலயும் கடலூர்லயும் ராத்திரி யாரும் சரியா தூங்குறதில்ல, ரேடியோவையும் போனையும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, கரை கடக்குற இடம் 50 கிலோமீட்டர் மாறினா யாரோட வீடு, யாரோட படகுங்கிறதே மாறிடும். அப்படிப்பட்ட கரையில வளந்தவங்களுக்கு 1947 சம்பவத்தைப் படிக்கும்போது சிரிப்பு வராது. எனக்கு வரல.

லாங்மூர் பத்தி இன்னொண்ணு சொல்லணும், ஏன்னா அவரை வில்லனா ஆக்கிட்டா விஷயம் கெட்டுடும். 1953-ல அவரே ஒரு உரை பண்ணார், 'நோய்பட்ட விஞ்ஞானம்'ங்கிற மாதிரி அர்த்தம் வர்ற தலைப்புல. நேர்மையான விஞ்ஞானிகள் கூட, தான் பாக்க ஆசைப்படுறதையே பாத்து எப்படி ஏமாந்துபோறாங்கன்னு எடுத்துக்காட்டோட விளக்கின உரை, இன்னிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அதைப் படிக்கக் குடுக்கிறாங்க. அதே மனுஷன் அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடிதான் நியூ மெக்சிகோவுல வாரம் ஒரு தடவை சில்வர் அயோடைடைப் புகையவிட்டு, அதனால ஆயிரம் மைல் தள்ளி கிழக்கு அமெரிக்காவுல ஏழு நாளைக்கு ஒரு தடவை மழை வருதுன்னு சாதிச்சுக்கிட்டு இருந்தார், வானிலைக்காரங்க இயற்கையிலயே அப்படி ஆறேழு நாள் தாளம் வரும்னு சொன்னதை ஏத்துக்கவே இல்ல. மத்தவங்க கண்ணுல இருக்கிற படலத்தை அவ்வளவு துல்லியமா பாத்தவர். தன் கண்ணுல இருந்தது தெரியல.

நாவல்ல ராணுவத்துக்கு சேறு வேணாம். அதனாலதான் ஐஸ்-நைனே பிறக்குது. நாவல் வந்து நாலு வருஷம் கழிச்சு, 1967-ல அதே அமெரிக்க ராணுவத்துக்கு சேறு வேணும்னு ஆயிடுச்சு. வியட்நாம் போர்ல எதிரியோட சரக்கு லாரிகள் வர்ற ஹோ சி மின் பாதை மேல, லாவோஸ் மலைகள்ல, மழைக்காலத்தை நீட்டிச்சு ரோடை சகதி ஆக்கணும்னு 'ஆபரேஷன் பாப்பாய்'னு ஒரு ரகசியத் திட்டம். அஞ்சு வருஷத்துல 2,600 தடவைக்கு மேல விமானம் பறந்து மேகத்துல விதைச்சாங்க. விதைச்சது எதை? சில்வர் அயோடைடுதான், அண்ணன் பெர்னார்ட் ஸ்கெனெக்டடியில அட்டவணையைப் புரட்டிக் கண்டுபிடிச்சது. மழை எவ்வளவு கூடுச்சுன்னு இன்னிக்கும் விவாதம் இருக்கு, ஆனா அந்த மலையில மழையை நம்பி விவசாயம் பண்ணின ஜனங்கள்கிட்ட யாரும் கேக்கல. 1970-களோட ஆரம்பத்துல பத்திரிகைகள் மூலமா விஷயம் வெளிய வந்து, செனட் விசாரணை நடந்து, கடைசியில 1977-ல இயற்கையை ஆயுதமா மாத்தக் கூடாதுன்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அடுத்த வருஷம் அமலுக்கு வந்துச்சு. தம்பி எழுதின கிண்டல் கதைக்கும் அண்ணன் கண்டுபிடிச்ச பொடிக்கும் நடுவுல ராணுவமும் சேறும் இப்படி வந்து நிக்கும்னு எழுதினவரே நினைச்சிருக்க மாட்டார்.

ஹட்சன் ஆத்தையும் விட்டுடக் கூடாது. நாவல்ல வர்ற கம்பெனிக்கு வானகட் வேற பேரு வெச்சார், ஊருக்கு இலியம்னு வெச்சார், ஆனா அது எந்தக் கம்பெனி எந்த ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியோட வேற ரெண்டு ஆலைகள் அதே மாநிலத்துல ஹட்சன் ஆத்தங்கரையில இருந்துச்சு, அங்க மின்தேக்கி தயாரிக்க பிசிபிங்கிற ரசாயன எண்ணெயைப் பயன்படுத்தினாங்க. எரியாது, கெடாது, சிதையாது, அதுதான் அதோட பெருமை, அதுதான் அதோட சாபமும். 1947-லேர்ந்து 1977 வரைக்கும் 13 லட்சம் பவுண்டு வரைக்கும் ஆத்துல கலந்திருக்கும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறையோட கணக்கு. வண்டல்ல படிஞ்சு, மீன்ல ஏறி, மீன் பிடிக்கவே தடை போட்டு, 1984-ல ஏறக்குறைய 200 மைல் நீளத்துக்கு ஆத்தையே நச்சு நிலமா பட்டியல்ல சேத்து, 2009-லதான் தூர்வார ஆரம்பிச்சாங்க. மேகத்துல மாயம் பண்ற ஷேஃபரையும் லாங்மூரையும் பத்திரிகைகள் படம் பிடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, போட்டோ எடுக்க யாரும் வராத ஒரு குழாய் வழியா இது போய்க்கிட்டே இருந்திருக்கு.

கதை வந்ததுக்கப்புறம் நிஜ ஐஸ்-நைன் பயமும் ஒரு தடவை வந்துச்சு, அதை சொல்லாம இருக்க முடியல. 1960-கள்ல சோவியத் ஆய்வாளர்கள் ஃபெட்யாகின், அப்புறம் புகழ்பெற்ற டெரியாகின், முடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாய்க்குள்ள தண்ணி ஆவியைக் குளிரவெச்சு மறுபடி தண்ணியாக்கினப்போ பாகு மாதிரி கெட்டியான, லேசுல உறையாத, லேசுல கொதிக்காத ஒரு 'தண்ணி' கிடைச்சுதுன்னாங்க. 1969-ல அமெரிக்காவுல அதுக்கு பாலிவாட்டர்னு பேரு வெச்சு, தண்ணி மூலக்கூறுகள் சங்கிலியா கோத்துக்கிட்ட புது வடிவம்னு அறிவிச்சாங்க, உலகம் முழுக்க லேப்கள் இதுல இறங்கி நூத்துக்கணக்குல கட்டுரை வந்துச்சு. அந்த வருஷமே டோனஹோங்கிற பென்சில்வேனியா விஞ்ஞானி 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார், பூமியிலேயே ஆபத்தான பொருள் இதுதான், சாதாரண தண்ணியோட சேந்து பெருகாதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் இதை வெளிய விடாதீங்கன்னு. கிண்டலுக்கு எழுதல, நிஜமா பயந்து எழுதினார்.

கடைசியில அது என்னன்னு கண்டுபிடிச்சது பெல் லேப்ல இருந்த டெனிஸ் ரூசோ. ஹேண்ட்பால் விளையாடிட்டு வந்து, பனியனைப் பிழிஞ்சு, அந்த வேர்வையை அகச்சிவப்புக் கருவியில வெச்சுப் பாத்தார், பாலிவாட்டரோட கோடுகளும் வேர்வையோட கோடுகளும் அச்சு அசலா ஒத்துப்போச்சு. குழாய்க்குள்ள இருந்தது புது தண்ணி இல்ல, அழுக்கு கலந்த பழைய தண்ணி. 1973-ல டெரியாகினே அதை ஒத்துக்கிட்டார், அதுக்கு அவரை நான் மதிக்கிறேன். டோனஹோவையும் மதிக்கிறேன். அவர் பயந்த மாதிரி எதுவும் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆனா முதல்ல ஆபத்து இல்லன்னு காட்டு, அப்புறம் பெருக்குன்னு அவர் சொன்னதை 1947-ல அந்த விமானத்தோட படிக்கட்டுல நின்னு யாராவது சொல்லியிருக்கலாம்.

உறை ஊத்துற மாதிரியே பரவுற விஷயங்கள் நிஜத்துல இருக்கவும் செய்யுது, தண்ணியில இல்ல, வேற இடத்துல. எச்ஐவிக்குக் குடுக்கிற ரிட்டோனவிர் மருந்து 1996-ல வந்துச்சு, 1998-ல திடீர்னு அதோட படிகம் வேற வடிவத்துக்கு மாறிடுச்சு, சரியா கரையாத ஒரு வடிவம், ஒரு தடவை தலைகாட்டின லேப்ல அதுக்கப்புறம் பழைய வடிவத்தைக் கொண்டுவரவே ரொம்பக் கஷ்டமாயிடுச்சு, அந்த காப்ஸ்யூலையே சந்தையிலேர்ந்து எடுக்க வேண்டி வந்துச்சு. அதைவிடப் பெரியது பிரியான். தப்பா மடங்கின ஒரு புரதம், பக்கத்துல இருக்கிற நல்ல புரதத்தையும் தன்னை மாதிரியே மடக்கிடும். பிரிட்டன்ல புல் திங்கிற மாட்டுக்கு, செத்த மாடு ஆடுகளோட எலும்பும் சதையும் அரைச்ச மாவைத் தீவனமா போட்டாங்க, புரதம் மலிவா கிடைக்குதுன்னு. 1986-ல பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டுச்சு, 40 லட்சத்துக்கும் மேல மாடுகளைக் கொன்னாங்க, மனுஷங்களுக்கும் தாவி பிரிட்டன்ல மட்டும் 170 பேருக்கு மேல செத்தாங்க. இதுலயும் கெட்ட எண்ணத்தோட யாரும் எதையும் செய்யல.

கடல் மட்டும் உறையாது, அதை நம்பலாம். சாதாரண வெயில்லயே நிக்கிற, நம்ம தண்ணியைவிட நிலையான ஒரு ஐஸ் வடிவம் நிஜமா இருந்தா, கோடானுகோடி வருஷத்துல இவ்வளவு பெரிய கடல்ல எங்கயாவது ஒரு மூலையில ஒரு துணுக்கு தானாவே உருவாகியிருக்கும். ஒண்ணு உருவாகியிருந்தா நாம இல்ல.

நாவல்ல அந்த முடிவுக்குக் காரணமான காட்சி போர்க்களத்துல நடக்கல, லேப்லயும் நடக்கல. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், கேப் காட் கடற்கரையில ஒரு சின்ன வீட்டுச் சமையலறை. ஹோனிக்கர் சட்டியிலயும் பாத்திரத்துலயும் தண்ணியை வெச்சு ஐஸ்-நைனோட விளையாடிட்டு, நாற்காலியில சாஞ்சு செத்துப்போறார். மூணு பிள்ளைங்க வர்றாங்க. பொண்ணு பாத்திரத்தை ஒதுக்கி சுத்தம் பண்ண ஆரம்பிக்கிறா, நாய் ஐஸ்-நைனை நக்கிப் பாத்து அப்படியே கல்லாகி விறைச்சு நிக்குது. அதைப் பாத்ததுக்கப்புறமும் மூணு பேரும் ஐஸ்-நைனைத் துண்டு போட்டு ஆளுக்கொண்ணு எடுத்துக்கிறாங்க. ஏன் எடுத்தோம், எடுக்கலாமான்னு அந்த நேரத்துல யாராவது ஏதாவது பேசினதா அவங்களுக்கே பின்னாடி ஞாபகம் இல்ல. ஒருத்தன் அதைக் குடுத்து ஒரு கரீபியன் தீவுல பதவி வாங்குறான், பொண்ணுக்கு அதால ஒரு புருஷன் கிடைக்கிறான், கடைசிப் பையன் காதலிச்ச பொண்ணு மூலமா ஒரு நாட்டு உளவுக்குப் போகுது.

லாங்மூர் 1957 ஆகஸ்ட்ல மாரடைப்புல இறந்தார், அதே கேப் காட்ல இருக்கிற வுட்ஸ் ஹோல்ங்கிற ஊர்ல. அங்கேர்ந்து கொஞ்ச தூரம் தள்ளி பார்ன்ஸ்டபிள்ல குடியிருந்த வானகட் அதுக்கப்புறம் ஆறு வருஷத்துல நாவலை வெளியிட்டார்.